‘அல்லது அதற்கு இணையான ஓட்டல்’: கல்வி ஆலோசனை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்று சொல்லி, நீங்கள் எல்லோருமே இப்போது ‘கேம்பஸ் விசிட்’ பேக்கேஜ் விற்கிறீர்கள். யோசனையில் குறையில்லை. லட்சக்கணக்கில் பணம் கட்டி மூன்று நான்கு வருடம் பிள்ளையை விட்டுவைக்கப்போகிற இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எந்தப் பெற்றோருக்கும்தான் தோன்றும். அந்தப் பேக்கேஜில் என்னென்ன எழுதியிருக்கும், என்னென்ன எழுதியிருக்காது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். முன்பணம் வாங்கும் முன்பே, ஒவ்வொரு இரவும் நாங்கள் தங்கப்போகும் இடத்தின் முழு முகவரியையும், அங்கிருந்து பல்கலைக்கழக வளாகத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதையும் எழுத்தில் கொடுங்கள்.

இவ்வளவுதான் கோரிக்கை. இது ஏன் ஒரு திறந்த மடல் அளவுக்கு வளர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகள் பிளஸ் டூ. கணிதம் படிக்க ஆசை. காலாண்டு விடுமுறையை ஒட்டி, இங்கிலாந்தில் ஓப்பன் டே, அதாவது சேர நினைப்பவர்கள் வந்து வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் நாள், நடக்கும் சில பல்கலைக்கழகங்களுக்குப் போய்வர மதுரையிலிருந்து ஐந்து பேராகக் கிளம்பினோம்: நான், மனைவி, மகள், பத்து வயது மகன், என் அம்மா. பட்டியலில் மகள் முதலில் எழுதி வைத்திருந்தது வார்விக் பல்கலைக்கழகம். உங்களில் ஒருவர் போட்டுக் கொடுத்த திட்டத்தில் அந்த இரவுக்கு எதிரே ‘வார்விக், மூன்று நட்சத்திர ஓட்டல் அல்லது அதற்கு இணையானது’ என்று இருந்தது. ஓட்டலின் பெயரோடு வவுச்சர் கைக்கு வந்தது விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவு.

வார்விக் பல்கலைக்கழகம் வார்விக் ஊரில் இல்லை. 1965-இல் தொடங்கிய நாளிலிருந்தே அது கவென்ட்ரி நகரத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. வார்விக் ஊர் அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தள்ளி, நடுவில் கெனில்வொர்த் என்று இன்னொரு ஊரையும் வைத்துக்கொண்டு இருக்கிறது. அந்த ஊரில் ஒரு கோட்டை உண்டு. 1068-இல் கட்டத் தொடங்கியது, ஆற்றங்கரையில், பார்க்க அழகு. ஆனால் கோட்டையில் பி.எஸ்சி கணிதம் சொல்லித்தரும் வழக்கம் இல்லை.

சனிக்கிழமை காலை வரவேற்பு மேசையில், ‘யுனிவர்சிட்டிக்கு எப்படி நடந்து போவது’ என்று கேட்டோம். அந்தப் பெண் முதலில் சிரித்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். டாக்ஸிக்கு அவரே போன் போட்டார். அது மாதிரி சிற்றூர்களில் தெருவில் நின்று கையைக் காட்டினால் வண்டி நிற்காது, போனில்தான் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை என்பதால் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். வந்தது நான்கு பேர் உட்காரும் சாதாரண கார். மகனை மடியில் வைத்துக்கொள்கிறோம் என்றோம். ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டார், உரிமத்தில் நான்கு என்றால் நான்குதான் என்று. அவர் மேல் தப்பில்லை. ஐந்து பேர் என்று விண்ணப்பத்தில், விசா தாளில், வவுச்சரில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. அவர்கள் நால்வரையும் ஏற்றிவிட்டு, நான் ரயிலில் பக்கத்து ஊரான லெமிங்டன் ஸ்பா போய், அங்கிருந்து மாணவர்கள் போகும் பேருந்தில் பின்னால் போனேன்.

கணிதத் துறை இருப்பது ஜீமன் கட்டடத்தில். மகள் முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்த துறை அறிமுகப் பேச்சு அங்கே. அவள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். முதல் கேள்வியே, கணிதப் படிப்புக்கான டிஎம்யுஏ என்ற நுழைவுத் தேர்வை நம்முடைய பிளஸ் டூ மதிப்பெண்ணோடு சேர்த்து எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது. உள்ளே நுழைந்தபோது பேச்சு முடிந்து, கேள்வி நேரமும் முடிந்து, எல்லோரும் எழுந்து கொண்டிருந்தார்களாம். பேராசிரியர் அடுத்த அரங்குக்குப் போய்விட்டார். சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு மாணவர் மிகப் பணிவாக, ‘கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், கட்டாயம் பதில் வரும்’ என்று சொன்னாராம்.

மின்னஞ்சல் அனுப்ப மதுரையே போதும்.

அது அத்தோடு முடியவில்லை. அன்றிரவு மான்செஸ்டரில் தங்க வேண்டும் என்பது திட்டம். பெட்டிகள் வார்விக் ஓட்டலில். அவற்றை எடுக்க மறுபடி அந்த 13 கிலோமீட்டர் போய், மறுபடி கவென்ட்ரி ரயில் நிலையத்துக்கு வர வேண்டும். நீங்கள் எடுத்துக் கொடுத்தது அட்வான்ஸ் டிக்கெட். அந்த ஊர் ரயிலில் அட்வான்ஸ் டிக்கெட் என்றால் அச்சிட்டிருக்கும் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். அதை நாம் தவறவிட்டால் தாள்தான் மிச்சம், பணம் திரும்பாது. ரயில் தவறியது. நிலையத்தில் அன்றைய விலைக்கு ஐந்து பேருக்கும் புதிதாக டிக்கெட் எடுத்தோம். முழங்கால் வலியோடு அம்மா பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடி, ‘காலேஜைப் பார்த்தாச்சா இல்லையாப்பா’ என்று கேட்டார். பேத்திதான் பதில் சொன்னாள்: ‘கட்டடத்தைப் பார்த்தாச்சு அப்பத்தா.’

இதை வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது உங்கள் தரப்பிலிருந்து வந்த பதிலை அப்படியே தருகிறேன்: ‘சார், யுனிவர்சிட்டி பேரே வார்விக்தானே சார்.’ பக்கத்தில் கைகூப்பும் பொம்மை.

சரி, தெரியாமல் நடந்தது என்று விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஊருக்கு வந்து கோப்பை எடுத்துப் பார்த்தால், விசா விண்ணப்பத்துக்காக நீங்கள் தயாரித்த பயணத் திட்டத்தில் அதே இரவுக்குக் கவென்ட்ரியில் ஒரு ஓட்டல் போட்டிருக்கிறீர்கள். வளாகத்துக்குப் பக்கத்தில், முழு முகவரியும் அஞ்சல் குறியீடுமாக. விசா வந்ததும் அதை ரத்து செய்துவிட்டு, டூர் மேசையில் வேறு இடம் பிடித்திருக்கிறார்கள். ஆக உங்கள் அலுவலகத்தில் ஒரு மேசைக்குப் பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது என்று தெரியும். பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குச் சரியான முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள். பணம் கட்டிய எங்களுக்குத்தான் ‘அல்லது அதற்கு இணையானது’.

எனவே மறுபடியும் கேட்கிறேன். விசா அதிகாரிக்குக் கொடுக்கும் அதே தெளிவோடு எங்களுக்கும் முகவரியை எழுதிக் கொடுங்கள்.

இது வார்விக்குக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ராயல் ஹாலோவே என்பது லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் வளாகம் இருப்பது லண்டனுக்கு வெளியே, சர்ரேயின் எக்ஹாம் ஊரில். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் 40 நிமிடம் ஆகும். இறங்கியதும் மேடேறி நடக்க வேண்டும். அதைப் பார்க்க லண்டனின் கிழக்குக் கோடியில் ரூம் போட்டால் பாதி நாள் பாதாள ரயிலிலேயே போய்விடும். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்கு 1969-இலிருந்து ரயிலே கிடையாது. லூக்கர்ஸ் என்ற நிலையத்தில் இறங்கி, பேருந்து பிடிக்க வேண்டும். சசெக்ஸ் பல்கலைக்கழகம் பிரைட்டன் நகரத்தின் நடுவில் இல்லை, விளிம்பில் ஃபால்மரில் இருக்கிறது. நல்ல வேளையாக அதற்கு வாசலிலேயே ஒரு ரயில் நிலையம் உண்டு. அமெரிக்காவுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. கார்னெல் பல்கலைக்கழகம் நியூயார்க்கில் இருக்கிறது என்று விளம்பரத்தில் போடுவீர்கள். மாநிலம் நியூயார்க்தான், மறுக்கவில்லை. இளங்கலை மாணவர்கள் படிக்கும் இத்தாக்கா, மன்ஹாட்டனிலிருந்து பேருந்தில் நாலைந்து மணி நேரம். இதெல்லாம் ரகசியம் இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ‘எப்படி வருவது’ என்று தனிப் பக்கமே வைத்திருக்கிறது. ஓப்பன் டே அன்று ரயில் நிலையத்திலிருந்து இலவசப் பேருந்து விடுகிற பல்கலைக்கழகங்களும் பல. அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் ரூம் போட்டிருந்தால் டாக்ஸியே வேண்டாம்.

இன்னொரு விஷயம் ஓட்டல் அறை. உங்கள் பேக்கேஜ் எல்லாவற்றிலும் ‘ஃபேமிலி ரூம்’ என்று தாராளமாக எழுதுகிறீர்கள். அங்குள்ள சிக்கன ஓட்டல்களில் ஃபேமிலி ரூம் என்றால் பெரும்பாலும் பெரியவர்கள் இரண்டு, பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இரண்டு. கல்லூரி பார்க்கப் போகும் பிள்ளைக்கு என்ன வயது இருக்கும்? பதினேழு. கட்டணத்துக்கு அவள் பெரியவள். அவளுக்கென்று தனி அறை கேட்டால், பல ஓட்டல்களில் பதினெட்டு ஆகவில்லை, தனியாகத் தங்கக் கூடாது என்று அப்போது குழந்தை. நீங்கள் விற்கும் பேக்கேஜே பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கானது. அந்த வயதுக்கு அறை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்து வைக்க மாட்டீர்களா?

அப்புறம் ரயில் கார்டு. ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டு என்று ஒன்று இருக்கிறது. 2025 நிலவரப்படி 35 பவுண்டு. ஒரே கார்டில் பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் நான்கு பேர் வரை போகலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதம். கூடவே ஒரு பிள்ளையாவது பயணம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பெரியவர் கணக்கில் நாலு பேர், பிள்ளைக் கணக்கில் ஒருவன்: எங்கள் வீட்டைப் பார்த்து அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. இதை எனக்குச் சொன்னது மான்செஸ்டர் நிலையத்தில் டிக்கெட் சரிபார்த்த பஞ்சாபிக்காரர். உங்கள் ஆளில்லை.

நீங்கள் எங்களிடம் ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை என்று பெருமையாகச் சொல்வீர்கள். பிள்ளை சேர்ந்தால் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கமிஷன் தருகிறது என்பதும் ஊரறிந்த விஷயம். அதில் எனக்கு வருத்தமில்லை, தொழில் என்றால் வருமானம் வேண்டும். ஆனால் 2012-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து நான்கும் சேர்ந்து ‘லண்டன் அறிக்கை’ என்று உங்களைப் போன்ற ஏஜென்ட்களுக்காக ஒரு நெறிமுறை வெளியிட்டன. மாணவர்களுக்குத் துல்லியமான, நேர்மையான தகவலைக் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பல்கலைக்கழகம் எந்த ஊரில் இருக்கிறது என்பது அந்தத் துல்லியத்தில் சேருமா சேராதா?

நீங்கள் நட்சத்திர ஓட்டல்களில் கல்விக் கண்காட்சி நடத்தும்போது வரும் விளம்பரங்களைப் பார்க்கிறேன். ஓட்டலின் பெயர், தெரு, எந்தப் பாலத்துக்குப் பக்கம், வண்டி எங்கே நிறுத்துவது, எந்த வாசலில் நுழைவது, எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். வழி தெரியவில்லை என்றால் அழைக்க இரண்டு எண் வேறு. வராமல் போய்விடுவோமோ என்று அவ்வளவு அக்கறை. நாங்கள் உங்களிடம் வருவதற்கு இத்தனை வழிகாட்டுகிறீர்கள். நாங்கள் காசு கொடுத்து எட்டாயிரம் கிலோமீட்டர் போகும்போது அதில் நாலில் ஒரு பங்கு போதும்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் மடல் இல்லை இது. அதைத் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊழியர்களைக் குறை சொல்லவும் எழுதவில்லை. அந்த வாட்ஸ்அப் தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம், அவரே இன்னும் விமானம் ஏறியிருக்க மாட்டார். அவர் கையில் சரியான தாள் கொடுக்க வேண்டியது நிறுவனம்.

அடுத்த ஓப்பன் டே பருவத்துக்கு நீங்கள் இப்போதே பதிவு தொடங்கியிருப்பீர்கள். தயவுசெய்து அந்தப் படிவத்தில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்ற வரியை எடுத்துவிட்டு, ஓட்டல் பெயர், அஞ்சல் குறியீட்டோடு முகவரி, அங்கிருந்து வளாகத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்தப் பேருந்து அல்லது ரயில், காலை நிகழ்ச்சிக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், மொத்தம் எத்தனை பேர், பதினேழு வயதுப் பிள்ளைக்கு எந்த அறை என்று ஒரு பக்கம் சேருங்கள். ஓட்டல் மாறினால் அந்தப் பக்கத்தையும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். இதைச் செய்ய ஒருவருக்கு அரை நாள் ஆகும். இப்படி எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கும் நிறுவனம் எது என்று எனக்குத் தெரிந்தால், கேட்கிற பெற்றோர்களை அங்கேயே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து,
பிளஸ் டூ மாணவி ஒருத்தியின் தகப்பன்