முழங்காலில் ஒரு பொட்டு

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

உன் பொங்கல் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாதது என் தவறுதான், பொறுத்துக்கொள். அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. நம் விடுதி வார்டன் அம்மாவைப் போன வாரம் சந்தையில் பார்த்தேன்; அந்த வெந்நீர்ப் பையை யார் எடுத்தது என்று இன்னமும் கேட்கிறார், நான் உன் பெயரைச் சொல்லவில்லை. இனி நான் எழுத வந்த செய்திக்கு வருகிறேன்.

எங்கள் வீடு சாலையிலிருந்து 84 படி கீழே இருப்பது உனக்குத் தெரியும். ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போது மட்டும் முழங்காற்சில்லுக்குப் பின்னால் வலிக்கிறது என்று என் இளைய மகள் தீபாவளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் காட்டிய மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் கோளாறு இல்லை, உறை போட்டுக்கொண்டு ஓய்வெடு என்று அனுப்பிவிட்டார். ஆறு வாரம் ஓய்வெடுத்தாள். மறுபடி வாலிபால் ஆட இறங்கிய இரண்டாம் நாளே வலி திரும்பிவிட்டது. இருபது வயதுப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவள் அப்பாவோ ஆட்டமே வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பிறகுதான் ஊட்டியில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனேன். அந்தப் பெண் முழங்காலைத் தொடவேயில்லை. ஓர் உயரமில்லாத பலகைமேல் ஒற்றைக் காலில் நிற்கவைத்து, மற்ற காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாகத் தாழச் சொன்னார். வலக்காலில் நின்று தாழ்ந்தபோது முழங்கால் நேராக மடங்காமல் கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. கூடவே இடப்பக்க இடுப்பு இறங்கியது, உள்ளங்காலின் வளைவும் தரையோடு தட்டையானது. இடுப்பின் பக்கவாட்டில் குளூட்டியஸ் மீடியஸ் என்றொரு தசை இருக்கிறதாம். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைச் சாயாமல் தாங்குவது அதன் வேலை. அதுவும், தொடையை வெளிப்புறமாகத் திருப்பும் தசைகளும் தளர்ந்தால் தொடை எலும்பு உள்ளே சுழல்கிறது. சில்லு தன் தடத்திலிருந்து விலகி உரசுகிறது. கணுக்கால் போதுமான அளவு மடங்காவிட்டாலும் இதே சாய்வு வருமாம். மேலே இடுப்பும் கீழே பாதமும் செய்யும் தவற்றுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட முழங்காலைத்தான் நாங்கள் ஆறு வாரம் உறைக்குள் பூட்டி வைத்திருந்தோம்.

அந்த முழங்கால் உள்ளே சாய்ந்த கணத்தில் எனக்கு உன் நினைவுதான் வந்தது. நாம் ஆடிய அந்த வாலிபால் அரையிறுதியில் செட்டராக நான் தூக்கிக் கொடுத்த பந்தை அடித்துவிட்டு நீ வலக்காலில் இறங்கியபோது உன் முழங்கால் இதே போல்தான் உள்ளே மடங்கியது. வலைக்கு இந்தப் பக்கம் நின்ற நான் அதைக் கண்ணால் பார்த்தேன். யாரும் உன்மேல் மோதவில்லை. ஈரத்தரை வழுக்கிவிட்டது என்று 26 ஆண்டுகளாக எல்லோரும் சொல்கிறோம், நானும் சொன்னேன். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். என்ற லிகமெண்ட் கிழிவது பெரும்பாலும் இப்படி யாரும் மோதாமல், குதித்து இறங்கும்போதோ ஓடிவந்து சட்டெனத் திரும்பும்போதோதான் நடக்கிறதாம். அதிலும் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். அன்றைக்கு நமக்குக் குதிக்கச் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, இறங்கச் சொல்லிக் கொடுக்க ஒருவரும் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

பயிற்சி எளிமையானதுதான். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்கள் ஒட்டியிருக்க, மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பதுபோல் திறக்க வேண்டும். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்த வேண்டும். முழங்காலுக்குமேல் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம். ஆனால் தசை பலப்பட்டால் மட்டும் நடை திருந்திவிடாது என்று அவர் அழுத்திச் சொன்னார். சரியான அசைவை உடல் தனியாகக் கற்க வேண்டும், அதற்குக் கண்ணாடி வேண்டும் என்றார். எங்கள் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் இளையவள் முழங்காற்சில்லின் நடுவே என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு தாழ்வாள். பொட்டு இரண்டாம் கால்விரலுக்கு நேராகவே இறங்க வேண்டும். உள்ளே நகர்ந்தால் அந்த முறை கணக்கில் சேராது. முதல் வாரத்தில் பத்துக்கு மூன்று தேறின, கால் நடுங்கி வியர்த்துவிட்டது. ஐந்தாம் வாரத்தில் பொட்டு நூல் பிடித்தாற்போல் இறங்கியதைப் பார்த்து நான் அடுப்பில் பாலை மறந்துவிட்டேன்.

சமநிலைக்குக் கூடத்துச் சிவப்புத் தரையில் டேப்பால் மூன்று கோடுகள் ஒட்டியிருக்கிறோம்: முன்னே ஒன்று, பின்னே இருபுறமும் சாய்வாக இரண்டு. நடுவில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலை ஒவ்வொரு கோட்டிலும் எட்டும் மட்டும் நீட்டி அளக்க வேண்டும். முன்கோட்டில் இரு கால்களுக்கும் 4 செ.மீ.க்குமேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டுமாம். இவளுக்கு இடக்காலில் நின்றால் 61, வலக்காலில் நின்றால் 55 இருந்தது. இப்போது 63, 62. மடித்த கம்பளிமேல் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் உனக்கு எழுதக் காரணம், பழனியில் உன்னிடம் ஆட்டம் பழகும் பெண்கள். ஃபிஃபா 11+ என்று கால்பந்துக்காரர்களுக்கு ஒரு வார்ம்அப் இருக்கிறது. 15 பயிற்சிகள், இருபது நிமிடம். அதில் ஒற்றைக் கால் நிலையும், முழங்கால் உள்ளே போகாமல் குதித்து இறங்குவதும் உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான பெண்களிடம் ஒரு பருவம் முழுக்கச் செய்து பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. உன் பெண்கள் வலைக்கு முன்னால் குதித்து இறங்கும்போது நீ பந்தைப் பார்க்காமல் அவர்கள் முழங்காலைப் பார். உன்னை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

போன வாரம் இளையவள் முட்டைக்கோஸ் பையைத் தூக்கிக்கொண்டு 84 படியும் சுவரைத் தொடாமல் இறங்கி வந்தாள். அவள் அப்பா வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அலமாரியில் ஒளித்து வைத்திருந்த வாலிபால் ஷூவை எடுத்து வந்து வைத்தார்.

நீ இன்னமும் விஞ்சில்தான் மலையேறுகிறாய் என்று எழுதியிருந்தாய். 693 படியை நான் உன்னிடம் கேட்கவில்லை. அங்கே ஒரு பிசியோதெரபிஸ்டை வைத்துக்கொண்டு, வலது முழங்காலில் ஒரு பொட்டு ஒட்டி, கைப்பிடியைப் பிடித்தபடி ஒரே ஒரு படி இறங்கிப் பார். பொட்டு எந்தப் பக்கம் போனது என்று மட்டும் எனக்கு எழுது.

உன் பழைய செட்டர்