விண்டோஸ் 11 போட முடியாமல் பூட்டிக் கிடக்கும் லேப்டாப்: எழுத்தில் பதில் கேட்டுப் புகார்

திருவல்லிக்கேணி,
சென்னை – 600 005.
24.11.2025

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: உங்கள் சர்வீஸ் சென்டர் மாற்றிக் கொடுத்த மதர்போர்டில் பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) பாஸ்வேர்டு இருப்பதால் விண்டோஸ் 11-க்கு மாற முடியாதது, அதற்காக என்னை அலைக்கழித்தது, உங்கள் ஊழியர் மரியாதையில்லாமல் பேசியது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கஸ்டமர் கேரில் யாராவது ஒருவர் நான் சொல்வதைக் கடைசி வரை கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. ஒவ்வொரு தடவை ஃபோன் செய்யும்போதும் புதிதாக ஒருவர் எடுக்கிறார், நானும் சீரியல் நம்பரிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். நீங்கள் விற்ற லேப்டாப்பில் விண்டோஸ் 11 போடலாமா, கூடாதா? போடலாம் என்றால் தடையாக இருக்கும் பயாஸ் பாஸ்வேர்டை எடுத்துக் கொடுங்கள். கூடாது என்றால் காரணத்தை உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

திருவல்லிக்கேணியில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காலேஜ் பிள்ளைகளின் புரொஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் இந்த ஒரு லேப்டாப்பில்தான் நடக்கிறது. 2021-ல் வாங்கினேன். இன்டெல் 10-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி. பணம் கட்டி எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுத்தேன். 2023-ல் மதர்போர்டு போய்விட்டது. வாரண்டி இருந்ததால் உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரே வேறு போர்டு போட்டுக் கொடுத்தது. 'மதர்போர்டு மாற்றப்பட்டது' என்று சீலோடு எழுதிய ஜாப் ஷீட் என்னிடம் இருக்கிறது, அதன் நகலை இத்துடன் அனுப்புகிறேன். அதற்குப் பிறகு வேறு எந்தக் கடைக்காரரும் இந்த லேப்டாப்பைத் திறக்கவில்லை.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தது. அதற்குள் மாறிவிட வேண்டும் என்று நானும் நேரத்தோடுதான் இறங்கினேன். புரட்டாசியில் கல்யாணம் வைப்பவர்கள் குறைவு, எங்களுக்கும் வேலை குறைவு. அந்த மாதத்தில் மாற்றினால் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம். மாறிய 10 நாளுக்குள் பிடிக்காவிட்டால் பழைய விண்டோஸுக்கே திரும்பும் வசதியும் உண்டு. என் தொழிலுக்கு அந்த 10 நாள் ரொம்ப முக்கியம். நான் பயன்படுத்தும் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் ஒரு யு.எஸ்.பி. டாங்கிளை (உரிமச் சாவியாகச் செருகும் சின்னக் கருவியை) வைத்துத்தான் ஓடும். விண்டோஸ் 11-ல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி ஆனில் இருந்தால், ஒத்துவராத பழைய டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) அது ஏற்ற விடாது. டாங்கிள் வேலை செய்யாவிட்டால் நான் வருஷக் கணக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பத்திரிகை ஃபைல் ஒன்றில்கூடத் திருத்தம் போட முடியாது. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் புரட்டாசி. இப்போது ஐப்பசியும் போய்க் கார்த்திகை பிறந்துவிட்டது. தை முகூர்த்தப் பத்திரிகைகள் மேஜையில் வந்து குவிகின்றன.

லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று பார்க்க மைக்ரோசாஃப்டே 'பிசி ஹெல்த் செக்' என்று ஒரு செயலி கொடுக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தேன். பிராசசர், ராம், ஸ்டோரேஜ், செக்யூர் பூட் எல்லாவற்றுக்கும் பச்சை டிக். ரகசியக் குறியீடுகளைப் பத்திரமாக வைக்கும் 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதிக்கான ஒரு வரி மட்டும் தகுதி இல்லை என்றது. இன்டெல் பிராசசரில் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல் விண்டோஸ் 11 ஏற்கும், என்னுடையது 10. உங்கள் இணையதளத்தில் விண்டோஸ் 11-க்குச் சோதித்த மாடல்கள் என்று நீங்கள் போட்டிருக்கும் பட்டியலிலேயே என் மாடல் இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதையும் எடுத்துக்கொண்டு ஒரு புரட்டாசி சனிக்கிழமை, பார்த்தசாரதி கோயில் கூட்டத்தைத் தாண்டி, கடையைப் பூட்டிவிட்டு உங்கள் அண்ணா சாலை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி லேப்டாப்பை ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. கையால் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, "இத்தனை வருஷம் ஓடினதே பெருசும்மா. புதுசு வாங்கிடுங்க, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு" என்றார். பட்டியலைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கவே இல்லை. "பத்திரிகை அடிக்கிறதுக்கு எதுக்கும்மா விண்டோஸ் 11? பழசே போதும், போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

பத்திரிகை அடிக்க எதற்கு என்று உங்கள் ஊழியர் கேட்டதற்கு இங்கே பதில் சொல்கிறேன். என் கடைக்கு வருகிறவர்கள் பத்திரிகை மட்டும் கொடுப்பதில்லை. ஆதார் கார்டு, பேங்க் பாஸ்புக், பிறப்புச் சான்றிதழ், பத்திர நகல் என்று பென் டிரைவில் கொண்டுவருகிறார்கள். யார் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தோ வைரஸோடு வரும் பென் டிரைவை இதே லேப்டாப்பில்தான் செருகுகிறேன். வயசானவர்கள் பேங்க் ஃபார்மைக்கூட என்னிடமே கொடுத்து டைப் செய்யச் சொல்கிறார்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன மெஷினை வைத்துக்கொண்டு அவர்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பது? நாளைக்கு ஒருவருடைய பாஸ்புக் நகல் எங்காவது போய்விட்டால் அந்தத் தம்பி வந்து நிற்பாரா? அவர் பெயரும் டோக்கன் நேரமும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் தருகிறேன். அவர் வேலை போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

அண்ணா சாலையில் இருந்து வந்து கஸ்டமர் கேருக்குப் பேசினேன். அவர்கள் ஒரு டிக்கெட் நம்பர் கொடுத்து, வேளச்சேரி சென்டரில் சீனியர் இன்ஜினியர் இருக்கிறார், அங்கே போங்கள் என்றார்கள். ஐப்பசி மழை. லேப்டாப்பைப் பாலிதீன் கவரில் சுற்றி, பையில் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு பறக்கும் ரயிலில் போனேன். ஸ்டேஷனில் இருந்து தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், ஆட்டோ ஒன்றும் வர மாட்டேன் என்றது. நடந்தே போய்ச் சேர்ந்தால் வாசலில் இருந்த பெண், "மேடம், இங்க மொபைல் மட்டும்தான் பாக்கறோம்" என்கிறார். நாங்கள் லேப்டாப் பார்ப்பதே இல்லை, கஸ்டமர் கேரில் எப்படி அனுப்பினார்கள் என்று தெரியவில்லை என்று அவரே வருத்தப்பட்டார். எந்தக் கிளையில் எதைப் பழுது பார்ப்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியாதா? ஒரு நாள் முழுக்கக் கடை அடைத்துக் கிடந்தது. அன்று வந்த புதுமனைப் புகுவிழாப் பத்திரிகை ஆர்டர் எதிர்க் கடைக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பத்துக்குப் பத்து வருஷமாக நான்தான் எல்லா விசேஷத்துக்கும் அடித்துக் கொடுக்கிறேன்.

கோளாறு என்ன என்று கண்டுபிடித்துச் சொன்னது ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர்தான், உங்கள் ஆட்கள் இல்லை. டீ குடித்துக்கொண்டே பார்த்தார். "அக்கா, இன்டெல்ல டி.பி.எம். தனியா வாங்கிப் போடற சிப் இல்ல. பிராசசரோடயே வருது, பி.டி.டி.ன்னு பேரு. பயாஸ்ல போய் ஆன் பண்ணா போதும்" என்று சொல்லி பயாஸுக்குள் போனார். பாஸ்வேர்டு கேட்டது. நான் எந்த பாஸ்வேர்டும் வைத்ததில்லை. "போர்டு மாத்தினாங்களா? அப்ப வரும்போதே பூட்டித்தான் வந்திருக்கு. கம்பெனிதான் எடுக்கணும், நான் கை வெச்சா போர்டு போயிடும்" என்று சொல்லி, ஒரு ரூபாய்கூட வாங்காமல் அனுப்பிவைத்தார். பி.டி.டி.யை அணைத்துப் பூட்டிய போர்டை எனக்கு மாட்டிக் கொடுத்தது உங்கள் சர்வீஸ் சென்டர். வீட்டை விற்றவர் ஒரு அறையை மட்டும் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போனதுபோல இருக்கிறது நீங்கள் செய்திருப்பது.

இதைச் சொன்னதும் கஸ்டமர் கேரில் என்ன பதில் வந்தது தெரியுமா? பாஸ்வேர்டை எடுக்க முடியாது, மதர்போர்டை மாற்ற வேண்டும், 18,500 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. வாரண்டி 2024-லேயே முடிந்துவிட்டதாம். நீங்கள் போட்ட பூட்டை நீங்கள் திறக்க நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? இது தேய்ந்து போன பாகமா, நான் கீழே போட்டு உடைத்ததா? வாரண்டி இருந்தபோது நீங்கள் செய்த வேலையில் இருந்த குறை இது.

அப்புறம் இன்னொருவர், உங்கள் நிறுவனத்தில் இருந்துதான் பேசுகிறேன் என்று சொன்னவர், "ரெஜிஸ்ட்ரில பைபாஸ் பண்ணிப் போட்டுக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்று, விண்டோஸின் உள் செட்டிங்ஸை மாற்றித் தகுதிச் சோதனையைத் தாண்டும் வழி சொன்னார். தகுதியில்லாத கம்ப்யூட்டரில் அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, பொருத்தமின்மையால் பழுது வந்தால் தயாரிப்பாளர் வாரண்டியில் சேராது என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. இது உங்கள் ஊழியருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தே சொன்னாரென்றால் அது இன்னும் மோசம். அந்த அழைப்பு பதிவாகிறது என்று உங்கள் குரலே முதலில் சொன்னது. எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இப்போதைக்கு விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்து சமாளிக்கிறேன். அதற்கு 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் வைத்து இலவசமாகவே பெறலாம் என்பதைக்கூட உங்களில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான். அதற்குப் பிறகு? நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பைக் குப்பையில் போட்டுவிட்டு அறுபதாயிரம் கொடுத்துப் புதுசு வாங்க வேண்டுமா? புது மெஷின் வாங்கினாலும் டாங்கிள் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். மாறுவதா, ஒரு வருஷம் இதிலேயே ஓட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டியவள் நான். என்னை முடிவெடுக்க விடாமல் வைத்திருக்கிறது உங்கள் பாஸ்வேர்டு.

இந்த அலைச்சலில் எனக்கு ஆன நஷ்டம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. போன ஆர்டர்கள், அடைத்துக் கிடந்த கடை, ராத்திரித் தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்தால் அதற்கு மேலேயே வரும். என் தொழிலே ஆட்டம் கண்டுவிட்டது.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை. நான்கு வருஷமாக இந்த லேப்டாப் எனக்குச் சோறு போட்டிருக்கிறது, கேட்டவர்களுக்கெல்லாம் இதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். லேப்டாப் தெரிந்த இன்ஜினியர் ஒருவரை என் கடைக்கு அனுப்பி, பாஸ்வேர்டை எடுத்து, பி.டி.டி.யை ஆன் செய்து கொடுங்கள். போர்டு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் செலவில் மாற்றுங்கள். எஸ்.எஸ்.டி.யில் கை வைக்கக் கூடாது. அதில் வாடிக்கையாளர்களின் ஃபைல் இருக்கிறது. அதைக் கழற்றி நானே வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 10-ஆம் தேதிக்குள் பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்வேன். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மனுவை நானே டைப் செய்து கொள்வேன், அது என் தொழில்தான். அங்கே வந்து, பத்திரிகை அடிக்க விண்டோஸ் 11 எதற்கு என்று உங்கள் ஊழியர் ஆணையத்தின் முன் சொல்லட்டும்.

பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தயவுசெய்து ஃபோனில் வேண்டாம். இன்ஜினியர் வருவதாக இருந்தால் காலை பதினொரு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க நிற்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
டி.டி.பி. கடை உரிமையாளர், திருவல்லிக்கேணி.