அப்பாவின் கால் அளவை எழுது

தொண்டி,
ஐப்பசி, மழை நாள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வேலை இரட்டிப்பு. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரும் சேறும் சிப்பியும் எடுத்து வந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆய்வகத்தில் வேலையை முடிக்க வேண்டும். ஆற்று வெள்ளம் கலந்து உப்புக் குறைகிற இடம்தான் நான் தேடும் விப்ரியோ வல்னிபிகஸ் என்ற பாக்டீரியாவுக்குப் பிடித்தமான இடம்.

கடல் உப்பில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும் என்று கேட்டிருந்தாய். இதற்கு உப்பில்லாவிட்டால்தான் வாழ்வில்லை. சாக்கடையிலிருந்து வந்ததல்ல, கடலிலேயே பிறந்து வளர்வது. பச்சை நிறக் கூழ் ஊற்றி உறையவைத்த கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடவி, 37 டிகிரிச் சூட்டில் வைத்துவிடுவேன். காலையில் மூடியைத் திறந்தால் கடுகைத் தூவினாற்போல் புள்ளிகள். கூழிலுள்ள சர்க்கரையைத் தின்பவை மஞ்சளாகிவிடும்; காலராக் கிருமி அந்த வகை. வல்னிபிகஸ் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். நிறத்தை மட்டும் நம்ப முடியாது, மரபணுவையும் பார்த்துத்தான் முடிவு சொல்வோம். ஆனாலும் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்க்கிற காலையில் எனக்குக் காப்பி இறங்குவதில்லை.

காரணம், உன் அப்பா. போன வாரம் பாம்பனில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். புரட்டாசியில் திருக்கை முள் குத்திய கணுக்கால் இன்னும் ஆறவில்லை. மஞ்சள் அப்பிய விளிம்புக்கு நடுவே ஈரமாகச் சிவந்திருக்கிறது. அந்தக் காலோடு தினமும் கரைவலை இழுக்கப் போகிறார். "உப்புத் தண்ணீர் பட்டால் தானே ஆறிவிடும்" என்றார். நாமும் அதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்! நல்ல உடம்புக்காரர்களில் பெரும்பாலோரை இந்தக் கிருமி ஒன்றும் செய்வதில்லை என்பதால் அந்த நம்பிக்கை நிலைத்துவிட்டது. கல்லீரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கதை வேறு. புண் வழியாக நுழைந்தால் ஒரே நாளில் கால் வீங்கிக் கொப்புளம் கட்டி, இரத்தத்திலும் கலந்துவிடக்கூடும். இந்தத் தொற்று கண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கிறார் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை.

பயமுறுத்த எழுதவில்லை. இதற்கெல்லாம் பெரிய செலவு தேவையில்லை. வல்னிபிகஸின் உறவான காலராக் கிருமி தண்ணீரில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்னஞ்சிறு உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு திரியும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ரீட்டா கால்வெல் குழுவினர், வங்கதேசக் கிராமத்துப் பெண்களிடம் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் சொன்னார்கள். காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததென்று 2003-இல் வெளியிட்டார்கள். உன் அப்பத்தா ஊற்றுத் தண்ணீரைக் குடத்து வாயில் சேலை கட்டித்தான் ஊற்றுவார், நினைவிருக்கிறதா? அந்தக் கட்டுரையைப் படித்தபோது அவர் முகம்தான் வந்தது.

நான் சொன்னால் அப்பா சிரிக்கிறார். நீ போன் செய்து சொல். புண் மூடும்வரை கடலில் இறங்க வேண்டாம். எப்படியாவது கடல் தண்ணீர் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவட்டும். வீக்கமோ காய்ச்சலோ கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடல் தண்ணீர் பட்ட புண் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் டாக்டருக்கு இந்தக் கிருமி நினைவுக்கு வரும்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பாம்பன் போகிறேன். புண் ஆறிய பிறகு போட்டுக்கொள்ள, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கேட்டால் வேண்டாம் என்பார். அவர் கால் அளவு உனக்குத் தெரிந்தால் வியாழனுக்குள் தெரிவி.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை