ஒற்றை டிக்

எய்யா,

இங்கே எல்லோரும் சுகம். மழை இன்னும் பிடிக்கவில்லை, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. மூன்று வாரமாக நான் அனுப்புகிற வாட்ஸ்அப்புக்கெல்லாம் ஒற்றை டிக்தான் நிற்கிறது. போன் கெட்டுப்போயிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் அக்காவின் லேப்டாப்பில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி இதை அடிக்கிறேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

அத்தை மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ எங்கே என்று கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்றேன். அதை விடு.

மூத்திர டெஸ்டில் போதைமருந்து இல்லை என்று வந்தால் உனக்குத் தருகிற அந்தப் பரிசுக் கார்டைப் பற்றி அன்றைக்கு நான் பேசியது தப்பு. "ஒண்ணுக்கு வித்து அரிசி வாங்குறியா"ன்னு கேட்டேன். நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். எங்கள் தெருவில் முதல் என்ஜினியர், கையில் பிளாஸ்டிக் கப்போடு வரிசையில் நிற்கிறான் என்று நினைத்ததும் வாயில் அதுதான் வந்தது. முதல் 10 டாலர் கார்டில் துவரம்பருப்பும் தக்காளியும் வாங்கி ரசம் வைத்தேன் என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். ரசம் எப்படி வந்தது என்றுகூட நான் கேட்கவில்லை.

அப்புறம் நர்ஸாக இருக்கிற சித்தப்பா மகளிடம், தெரிந்தவர் பிள்ளைக்கு என்று சொல்லி விசாரித்தேன். அவளுக்குப் புரிந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. ஹெராயின் பழக்கத்தை விடுவதற்கு மெத்தடோன் மாதிரி மருந்து உண்டாம் பெரியம்மா, மெத் என்கிற மெத்தம்ஃபெட்டமைனுக்கும் கொக்கெயினுக்கும் அப்படி அங்கீகரித்த மருந்து ஒன்றுமே கிடையாது, இந்தக் கார்டு கொடுக்கிற முறைதான் இருப்பதிலேயே நன்றாகப் பலன் தருகிறது என்றாள். அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்திலேயே செய்து பார்த்தார்களாம். அங்கே பழைய ராணுவக்காரர்களுக்கு 2011இலிருந்து கொடுக்கிறார்களாம், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தருகிற மருத்துவக் காப்பீடான உங்கள் கலிபோர்னியா மெடி-காலில் 2023இல் ஆரம்பித்ததாம். நான் கணக்கு டீச்சர்தானே, உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முதல் 12 வாரம் வாரத்துக்கு இரண்டு டெஸ்ட், 10 டாலரில் தொடங்கி வாரா வாரம் ஒன்றரை டாலர் ஏறி 26.50 வரை போகும். அப்புறம் 12 வாரம் வாரத்துக்கு ஒன்று. எல்லாம் சரியாக வந்தால் மொத்தம் 599. பிச்சை மாதிரிப் பேசினேனே, நான் சேர்ந்தபோது மாசச் சம்பளம்கூட அவ்வளவு இல்லை.

ஒரு தடவை தவறிவிட்டால் அன்றைக்குக் கார்டு கிடையாது, அடுத்தது மறுபடி 10இல் தொடங்கும். ஆனால் அடுத்தடுத்து இரண்டு தடவை சரியாக வந்துவிட்டால் விட்ட இடத்துக்கே போய்விடலாமாம். சும்மா சொன்னேன். உனக்குத் தெரிந்ததுதான்.

உன் அப்பா விஷயம் ஒன்று. சாயங்காலம் கதவைத் திறந்ததும் அவர் வாயைத்தான் முதலில் மோந்து பார்ப்பேன். வாடை வந்தால் தெருவே கேட்கும்படி கத்துவேன், உனக்குத் தெரியும். வாடை இல்லாத நாளில்? தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன், அவ்வளவுதான். நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது நாற்பது நாள் தொடாமல் இருந்தார். தினசரிக் காலண்டருக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். தாள் கிழிக்கும்போது பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம், கூடவே வீம்பும், குடிக்காமல் இருப்பதற்கு மாலையா போடுவார்கள் என்று. நாற்பத்தோராம் நாள் ராத்திரி நீதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அவரைக் கூட்டி வந்தாய். அந்தப் புள்ளிகள் மேல் அடுத்த பொங்கலுக்கு நானே வெள்ளை அடித்தேன்.

உன்னோடு இருக்கிற அந்த அண்ணன், அவரும் இதிலிருந்து மீண்டு வந்தவர் என்றாயே, அவரிடம் பேசுகிறாயா? என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவரிடம் பேசு. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. தனியாக இருக்காதே. போதை அளவு மீறி மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கிற நலோக்சோன் மருந்து பையில் இருக்கிறதா? இப்போது எதில் ஃபென்டனைல் என்கிற கொடிய போதைமருந்து கலந்திருக்கும் என்றே சொல்ல முடியாதாம், கொஞ்ச நாள் விட்டவர்களுக்குத்தான் ஆபத்து அதிகமாம். அறையில் வேறு யாருக்காவது தேவைப்படும், அதற்காகச் சொல்கிறேன். தண்ணீர் குடி. தூங்கு. தனியாக இருக்காதே.

செவ்வாய், வெள்ளிதானே உனக்கு டெஸ்ட்? செவ்வாயும் வெள்ளியும் இங்கே ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை. அன்றைக்கு எப்படி வந்தாலும் சரி, போய்விட்டேன் என்று மட்டும் சொல், இல்லை போகவில்லை என்று சொல், இந்த முறை நான் கத்தமாட்டேன். கத்தினால் நீ போனை வை, திரும்பவும் நானே கூப்பிடுகிறேன்.

எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறேன், உப்பு தூக்கலாக, உனக்குப் பிடித்த மாதிரி. பார்சல் அனுப்ப வேண்டும். பழைய அட்ரஸ்தானா, மாறிவிட்டதா, அதையாவது ஒரு வரி எழுது.

அம்மா