வெறும் வயிற்றோடு வந்து நின்றவர்களுக்கு நன்றி

சர்க்கரை நோய் ஆராய்ச்சிப் பணியிலிருந்து இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறேன். வாழ்த்த வருகிறவர்கள் நான் எழுதிய கட்டுரைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். என் முதல் நன்றி, சென்னையிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் எங்கள் முகாமுக்கு விடிகாலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்குத்தான்.

அவர்களிடம் நாங்கள் கேட்டது கொஞ்சமில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. காலையில் ரத்தம் எடுப்போம். பிறகு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுப்போம், பலருக்குக் குமட்டும். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து மறுபடியும் ஊசிக்குக் கை நீட்ட வேண்டும். சித்தாள் வேலைக்கும் மீன் விற்கவும் போகிற பெண்களுக்கு அன்றைய கூலி போனது போனதுதான். வந்தவர்களில் பலருக்கு ஒரு நோயும் இல்லை. அவர்களும் வந்து கணக்கில் சேர்ந்தால்தான் நூற்றுக்கு எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று எங்களால் சொல்ல முடியும்.

டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் அதில் சேர்ந்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு மூன்று ஆண்டுகளில் நோய் வந்தது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு அந்த அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. நம் உடம்புக்கும் இது பலிக்கும் என்று இன்று தைரியமாகச் சொல்கிறோமே, அந்தத் தைரியம் அந்த 531 பேர் கொடுத்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-இல் செய்தி வந்தபோதும், அதன் பின்னால் கை நீட்டிய ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் களப்பணி அக்காக்களுக்கு எப்படி நன்றி சொல்வது! "எவ்வளவு எண்ணெய் ஊற்றுவீங்க?" என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். "மாசத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குறீங்க, வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். வண்டி ஓட்டிய அண்ணனுக்கும் நன்றி. எடுத்த ரத்தத்தை அப்படியே விட்டுவிட்டால், அதிலிருக்கும் அணுக்களே குளுக்கோஸைத் தின்று தீர்த்துவிடும். அளவு குறைவாகக் காட்டும். அது தெரிந்ததிலிருந்து அவர் ஐஸ் பெட்டியோடு வழியில் டீக்குக்கூட நிறுத்தியதில்லை.

1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம். விஸ்வநாதனையும் வணங்குகிறேன். அவர் போட்ட பாதையில்தான் நாங்களெல்லாம் நடந்தோம்.

காலில் புண் ஆறாமல் விரலை இழந்தவர்கள், டயாலிசிஸுக்கு நடுவிலும் எங்கள் நீண்ட கேள்வித்தாளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்கள், உங்கள் வலிக்கு எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாதபோதும் "மத்தவங்களுக்காவது உதவட்டும்" என்றீர்கள். அந்தச் சொல்தான் சோர்ந்த நாட்களில் என்னை மறுபடி வேலைக்கு அனுப்பியது.

அடுத்த மாதத்திலிருந்து என் இடத்தில் ஓர் இளம் ஆய்வாளர் வருவார். முகாம் அதே இடத்தில், காலை ஆறரை மணிக்கு. பழைய ரிப்போர்ட் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். அவரிடம் எதையும் தயங்காமல் கேளுங்கள்.