கல்லுக்கு அடியில் இருந்த மரக்கோயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலோரத் தொல்லியல் சின்னங்களைப் பற்றிய தங்கள் கட்டுரை படித்தேன். அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில், வாலென்ஷியா துறைமுகத்திலுள்ள சர்ச் ஐலண்ட் என்ற குட்டித் தீவு உடனே நினைவுக்கு வந்தது. அங்கே இடைக்காலத்தின் தொடக்கத்தில் துறவிகள் எழுப்பிய கல் சிற்றாலயம் ஒன்று இடிந்து நிற்கிறது.

1950களில் கார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். ஜே. ஓ’கெல்லி அதை அகழ்ந்தார். பின்னாளில் அயர்லாந்தின் புகழ்பெற்ற கற்காலக் கல்லறையான நியூகிரேஞ்சைத் தோண்டியவரும் அவரே. கல் சுவருக்கு அடியில் கிடைத்தவை மரத்தூண் நட்ட குழிகள்! மரம் எப்போதோ மக்கிப்போயிருந்தது. மண்ணின் நிறமாற்றம் மட்டும் அதைக் காட்டிக்கொடுத்தது. கல் ஆலயத்துக்கு முன்பே அங்கு மரத்தாலான சிறு ஆலயம் இருந்திருக்கிறது. அருகிலிருந்த பழைய கல்லறைகளும் அந்த மர ஆலயத்தின் திசையையே ஒட்டி அமைந்திருந்தன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுவரை மட்டும் பூசிக் காப்பாற்றினால் போதும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தீவின் கரையைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. கல்லை மீண்டும் அடுக்கலாம். தூண்குழியை அலை கொண்டுபோனால் யார் மீட்பது? இத்தகைய தீவுகளில் கரையோர மண்ணைத்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி