மிதக்கும் வீட்டுக்கு யார் பிளான் போடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியா அமைக்கப்போகும் விண்வெளி நிலையம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2028இல் முதல் பகுதி, 2035க்குள் மொத்தம் ஐந்து பகுதிகள், எல்லாம் சேர்ந்து 52 டன் என்று கணக்குகள் சரியாகவே இருந்தன. எந்த ராக்கெட் தூக்கிப் போகும், மேலே போனபின் எப்படி இணைப்பார்கள் என்பதும் விளக்கமாக இருந்தது. ஆனால் உள்ளே இருக்கப்போகிறவர்கள் எங்கே தூங்குவார்கள், எங்கே சாப்பிடுவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் பிளான் வரைந்தே காலம் தள்ளிய டிராஃப்ட்ஸ்மேன் நான். இந்தக் குறைதான் முதலில் கண்ணில் பட்டது.

கட்டுரைக்குப் போட்ட படத்தையும் சொல்லியாக வேண்டும். சுழலும் ராட்சதச் சக்கரம், அதன் விளிம்பில் நடந்து போகும் மனிதர்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் சுழற்சியால் விளிம்பில் நிற்பவருக்குப் பூமியில் உள்ள எடை கிடைக்க வேண்டும், தலையும் சுற்றக்கூடாது என்று நிமிடத்துக்கு இரண்டு சுற்றோடு நிறுத்தினால், சக்கரத்தின் ஆரம் 224 மீட்டர் இருக்க வேண்டும். குறுக்களவு கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர். சின்னதாகக் கட்டி வேகமாகச் சுற்றலாமே என்றால், 10 மீட்டர் ஆரத்துக்கு நிமிடத்துக்கு ஒன்பது சுற்றுக்கு மேல் வேண்டும்; யாருக்கும் வயிறு தாங்காது. 2025 ஆகஸ்டில் டெல்லி பாரத் மண்டபத்தில் வைத்திருந்த நம் முதல் பகுதியின் மாதிரி 3.8 மீட்டருக்கு 8 மீட்டர். எங்கள் கணக்கில் பன்னிரண்டரை அடி அகலம், இருபத்தாறு அடி நீளம். நாலு பக்கமும் கருவிகள் வந்தபின் மிச்சம் இருப்பதில்தான் வாழ்க்கை. ஆகவே இன்னும் பல காலத்துக்கு மிதந்துகொண்டு வாழ்வதற்கான வீட்டைத்தான் யோசிக்க வேண்டும்.

அந்த யோசனைக்கு நல்ல பாடம் 1973இல் அமெரிக்கா அனுப்பிய ஸ்கைலாப் விண்வெளி நிலையம். (நம் ஊரில் பலருக்கு அது 1979இல் தலையில் விழப்போகிறது என்று பயந்தது மட்டும்தான் ஞாபகம்.) அதன் உட்புறத்துக்கு ஆலோசனை சொல்ல நாசா அழைத்தது ரேமண்ட் லோவியை. ரயில் எஞ்சின், கார், குளிர்சாதனப் பெட்டி என்று வடிவமைத்துப் பெயர் வாங்கியவர். ஆளுக்கொரு தனி படுக்கையறை, எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஓர் இடம், அங்கே ஒரு ஜன்னல் என்று அவர் கேட்டார். ஜன்னல் வைத்தால் சுவர் பலவீனமாகும் என்று பொறியாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஜன்னல் வந்தது. வேலை இல்லாத நேரங்களில் வீரர்கள் போய் நின்ற இடம் அதுதான். சாப்பாட்டு மேசை முக்கோணம்: மூன்று பேர், மூன்று பக்கம், தலைமை இருக்கை என்று ஒன்று கிடையாது. இதைச் செய்யத் தனி எரிபொருளோ தனி ராக்கெட்டோ வேண்டாம். யோசிக்க ஓர் ஆள் போதும்.

தப்பாகப் போனவையும் ஸ்கைலாபில் உண்டு. எடையில்லாத இடத்தில் உடம்பு தளர்ந்து, முழங்கால் லேசாக மடங்கி, கைகள் முன்னால் மிதந்தபடி நிற்கும். அதுதான் அங்கே ஓய்வு நிலை. மேசைகளையோ பூமியின் உயரத்துக்கு வைத்துவிட்டார்கள். குனிந்து வேலை செய்ய வயிற்றுத் தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்று வீரர்கள் குறை சொன்னார்கள். குளிக்க ஒரு மடக்குக் கூண்டும் இருந்தது. தண்ணீர் கீழே ஓடாமல் தோலில் அப்பிக்கொள்ளும். அதை உறிஞ்சி எடுத்துத் துடைத்து முடிக்கிறவரை கணக்குப் பார்த்தால் ஒரு குளியலுக்கு இரண்டரை மணி நேரம். இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்தில் குளியலறையே கிடையாது, ஈரத்துணிதான்.

சர்வதேச நிலையத்தின் படுக்கையறை டெலிபோன் பூத் அளவு. சுவரில் கட்டிய தூங்கும் பை, இரண்டு லேப்டாப், காற்று வர ஒரு துவாரம். இதில் உயிர்நாடி அந்தத் துவாரம்தான். சூடான காற்று மேலே போவது என்பது அங்கே நடக்காது. விசிறி நின்றால் நாம் விட்ட மூச்சு நம் முகத்தைச் சுற்றியே தங்கிவிடும். அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடையே திரும்ப இழுத்துத் தலைவலியோடு எழுந்திருக்க வேண்டும். அதனால் விசிறிகளை நிறுத்தவே முடியாது. அப்புறம் சத்தம் எப்படி இல்லாமல் போகும்? ஆரம்ப வருடங்களில் ஸ்வெஸ்டா என்ற ரஷ்யப் பகுதியில் இரவும் பகலும் 60 டெசிபலுக்கு மேல். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினார்கள். பிறகு விசிறிகளின் அதிர்வைத் தடுக்க ஏற்பாடு செய்து, சத்தத்தை உறிஞ்சும் விரிப்புகள் மாட்டி, ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். பறக்கும் வீட்டில் போய் ரிப்பேர் வேலை பார்ப்பது எவ்வளவு பாடு! காகிதத்திலேயே தீர்த்திருக்க வேண்டிய விஷயம்.

சின்ன விஷயங்களும் உண்டு. மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு உள்ளங்கால் குழந்தையினுடையது போல மிருதுவாகிவிடும். கைப்பிடிக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்தே நிற்பதால் பாதத்தின் மேற்புறம் காய்ப்புக் காய்க்கும். கம்பியை எங்கே வைப்பது, அதற்கு என்ன உறை போடுவது என்பதும் வடிவமைப்புதான்.

இந்தத் துறையில் நான் பெரிதும் மதிக்கும் பெயர் கலினா பலஷோவா. சோவியத் ராக்கெட் வடிவமைப்பாளர் கொரொலியோவின் நிறுவனத்தில் இருந்த கட்டடக்கலைஞர். 1960களில் சோயுஸ் கலத்துக்கும் பின்னால் மிர் நிலையத்துக்கும் உட்புறத்தை வரைந்தவர். தரை அடர்ந்த நிறம், கூரை வெளிர் நிறம் என்று அவர் பிரித்துக் காட்டியதால், எது மேல் எது கீழ் என்று கண்ணுக்குப் பிடிமானம் கிடைத்தது. சோயுஸின் வசிப்பறைச் சுவருக்குத் தன் கையாலேயே நீர்வண்ண இயற்கைக் காட்சிகள் வரைந்து கொடுத்தார். அந்த அறை பூமிக்குத் திரும்பாது, வளிமண்டலத்தில் எரிந்துபோகும். படங்களும் அதோடு எரிந்தன. திரும்ப வரைந்தார்.

நேரத்தையும் பிளானில் சேர்க்க வேண்டும். அங்கே ஒரு நாளைக்குப் பதினாறு சூரிய உதயம் (வாஸ்து பார்ப்பவர்கள் மன்னிக்க, கிழக்கு மூலை நிலையாக இருக்காது). ஆகவே விளக்கைத்தான் சூரியனாக வைத்துக்கொள்ள வேண்டும். சர்வதேச நிலையத்தில் 2016 முதல் வந்த எல்.இ.டி. விளக்குகளுக்கு வேலைக்கு ஒரு வெளிச்சம், தூங்கப் போகுமுன் ஒரு வெளிச்சம் என்று நிலைகள் உண்டு. ஸ்கைலாபின் கடைசிக் குழு 84 நாள் தங்கியது. மூன்று பேருமே முதல்முறை போனவர்கள். நிமிஷத்துக்கு நிமிஷம் வேலை திணித்ததில் நொந்துபோய், டிசம்பர் முடிவில் தரையிலிருந்தவர்களோடு மனம்விட்டுப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அதை வேலைநிறுத்தம் என்று இன்றும் கதை கட்டுகிறார்கள். உண்மையில் அவர்கள் கேட்டது சாப்பிடவும் ஓய்வெடுக்கவும் தொந்தரவில்லாத நேரம். கேட்டதைக் கொடுத்தபின் வேலையும் நன்றாகவே நடந்தது.

நம்மவர்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நம் முதல் பகுதியில் வீரர்களின் பொழுதுபோக்குக்கும் ஜன்னல் உண்டு என்று டெல்லி மாதிரியின்போதே சொல்லியிருக்கிறார்கள். 2024 நவம்பரில் லடாக்கின் லே நகரில் மாதிரி வசிப்பிடம் வைத்து இஸ்ரோ சோதனை நடத்தியது. அதில் விண்வெளிக் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றும் சேர்ந்திருந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அது நிலா, செவ்வாய் போல் தரையில் நிற்கும் வீட்டுக்கான ஒத்திகை. சுற்றுப்பாதை வீட்டில் ஆறு பக்கமும் சுவர், ஆறு பக்கமும் தரை. 2025இல் சுபான்ஷு சுக்லா சர்வதேச நிலையத்தில் பதினெட்டு நாள் இருந்து வந்திருக்கிறார். அப்போது அங்கே மொத்தம் 11 பேர். நெரிசலில் எது இடித்தது, எது கையில் கிடைக்கவில்லை, எங்கே தூக்கம் வந்தது என்று அவரைக் கேட்டு எழுதி வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இஸ்ரோ உட்புற வரைபடத்தை வெளியிட்டு யோசனை கேட்க வேண்டும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகள் இதற்கு வரிசையில் நிற்பார்கள். உலோகத்தை வெட்டுமுன் அதே அளவில் மரத்தாலும் அட்டையாலும் ஒரு மாதிரி செய்து, எல்லா விசிறியும் ஓடும் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு, ஆணும் பெண்ணுமாக மூன்று பேரை இரண்டு வாரம் உள்ளே விடட்டும். எடையில்லாமை அதில் தெரியாது, உண்மைதான். சத்தமும் நெருக்கடியும் தெரிந்துவிடும். உங்கள் நிருபர் அடுத்தமுறை இஸ்ரோ அதிகாரிகளைச் சந்திக்கும்போது, படுக்கையறையில் எத்தனை டெசிபல் என்று இலக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கட்டும். பதில் எண்ணாக வந்தால் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை